மூணு கட்டையிலிருந்து ரெண்டு கட்டைக்கு: பேஸ் கிட்டாரை இறக்கிக் கட்டுவது எப்படி?

கல்ச்சுரல்ஸுக்கு நாலு நாள் இருக்கும்போது பாடகர் வந்து, "தொண்டை ஏற மாட்டேங்குது, மூணு கட்டையை ரெண்டு கட்டை ஆக்கிடலாமா?" என்று கேட்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். மாட்டிக்கொள்வது பேஸ் வாசிக்கிற நீங்கதான்.

மூணு கட்டை என்றால் 'இ', ரெண்டு கட்டை என்றால் 'டி'. நாலு கம்பி பேஸின் அடிக்கம்பி 'இ'. அதற்குக் கீழே 'டி' கிடையாது. மேல் ஸ்தாயியில் வாசித்தால் பாட்டுக்கு அடித்தளமே இருக்காது. சரி, கீயைத் திருகி இறக்கிவிடலாம் என்று இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆடும், ஃப்ரெட்டில் பட்டு ஜர்ர் என்று இரையும், மேலே போகப் போக ஸ்ருதி பல்லிளிக்கும். ஏன் இப்படி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

கம்பி ஏன் தளர்கிறது?

முதல் வருஷ ஃபிசிக்ஸ்தான். இழுவிசை = 4 × ஒரு மீட்டர் கம்பியின் நிறை × நீளத்தின் வர்க்கம் × அதிர்வெண்ணின் வர்க்கம்.

பேஸின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம், அது மாறாது. 'இ' 41.2 ஹெர்ட்ஸ், 'டி' 36.7 ஹெர்ட்ஸ். அதிர்வெண் குறைவது 11 சதவீதம்தான், ஆனால் வர்க்கம் இருப்பதால் இழுவிசை 20 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஒரு கட்டை 'சி' வரை (32.7 ஹெர்ட்ஸ்) இறக்கினால் போவது 37 சதவீதம். நீளத்தை மாற்ற முடியாது, அதிர்வெண்ணை முடிவு செய்தாச்சு. மிச்சம் இருப்பது கம்பியின் நிறை மட்டும்.

வீணையைப் பாருங்க

இதே கணக்கை நம்ம தஞ்சாவூர் வீணை ரொம்ப நாளாகவே போட்டுவைத்திருக்கிறது. வீணையில் வாசிக்கும் கம்பி நாலு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். நாலும் ஏறக்குறைய ஒரே நீளம். சாரணி சட்ஜத்துக்கும் மந்தரத்தின் சட்ஜத்துக்கும் ஒரு ஸ்தாயி வித்தியாசம், அதாவது அதிர்வெண் பாதி. சாரணிக் கம்பியையே மந்தரத்துக்கும் போட்டால் இழுவிசை கால்பங்காகிவிடும், கம்பி பேசாது. அதனால்தான் மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் தடித்த கம்பி. பிரடையைத் தளர்த்தி மட்டும் கீழ்ஸ்தாயியை வரவழைக்க முடியாது. பேஸுக்கும் அதே பாடம்தான்.

வேலை வரிசை

ஒரு வேலை அடுத்த வேலையைப் பாதிக்கும். அதனால் வரிசையை மாற்றாதீங்க.

1. கம்பி. வழக்கமான 'இ' கம்பியின் தடிமன் 0.105 அங்குலம். 'டி'-யில் அதே இழுவிசை வேண்டுமென்றால் கணக்குப்படி 0.118 வேண்டும். 0.115 போட்டால் 5 சதவீதம்தான் குறையும், கை வித்தியாசம் உணராது. 'சி' வரை போவதென்றால் அஞ்சு கம்பி செட் வாங்கி, கடைசி மெல்லிய கம்பியை விட்டுவிட்டு மற்ற நாலையும் போடுங்க. ஒரே ஒரு பாட்டுக்கு 'இ' கம்பியை மட்டும் இறக்குவதானால் இருக்கிற கம்பியே போதும், மெதுவாகத் தட்டுங்க.

2. ஸ்ருதி. நீங்க வாசிக்கப்போகும் ஸ்ருதியிலேயே வைத்து ஒரு ராத்திரி விடுங்க. பழைய ஸ்ருதியில் நெக்கை அளந்தால் எல்லாமே தப்பாகும்.

3. நெக். கம்பி ஒரு பக்கம் இழுக்க, உள்ளே இருக்கும் டிரஸ் ராட் எதிர்ப்பக்கம் தாங்கும். இழுவிசை குறைந்தால் ராட் ஜெயித்துவிடும், நெக் நிமிர்ந்துவிடும், முதல் அஞ்சு ஃப்ரெட்டில் இரைச்சல் வரும். முதல் ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்க. ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் இருக்கணும். மெக்கானிக்கல் பசங்களிடம் ஃபீலர் கேஜ் கடன் வாங்கலாம், இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு. இடைவெளி இல்லையென்றால் ராடைக் கொஞ்சம் தளர்த்துங்க. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருகவே மறுத்தால் விட்டுவிடுங்க. ராட் உடைந்தால் நெக்கே போச்சு.

4. உயரம். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2.5 மில்லிமீட்டர், மெல்லியது 2 மில்லிமீட்டர் உயரத்தில் ஆரம்பிக்கலாம். தளர்ந்த கம்பி அகலமாக ஆடும், அதனால் இரைந்தால் சேடிலைக் கொஞ்சம் உயர்த்துங்க.

5. ஸ்ருதி சுத்தம். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரமும் டியூனரில் ஒன்றாக இருக்கணும். அழுத்தின ஸ்வரம் ஏறி இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்க, இறங்கி இருந்தால் முன்னால். தடித்த கம்பிக்குப் பெரும்பாலும் பின்னால்தான் போகும். வீணையில் 24 மெட்டும் மெழுகில் பதிந்திருப்பதால் ஸ்ருதி பிசகினால் மெழுகை இளக்கி ஒவ்வொரு மெட்டாகத் தள்ளி வைப்பார்கள். நமக்கு ஃப்ரெட் அசையாது, சேடில் ஒன்றுதான் வழி.

நான் செய்த தப்பு

இந்தப் பட்டியலில் நட்டை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. புதுக் கம்பி நட்டின் பள்ளத்தில் முழுசாக உட்காரவில்லை என்று ஷோவுக்கு முந்தின ராத்திரி அரத்தை எடுத்து ராவினேன். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டது. அதற்கப்புறம் அழுத்தாமல் வாசித்த ஒவ்வொரு 'டி'-யும் இரைந்தது. பேஸ் என்னுடையது இல்லை, சீனியரிடம் கடன் வாங்கியது. திருகினதைத் திரும்பத் திருகலாம், ராவினதை ஒட்ட முடியாது. புது நட் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் நட் ராவுகிற வேலையைக் கைதேர்ந்தவரிடம் கொடுங்க. மற்ற அஞ்சையும் நீங்களே செய்யலாம். ஆரம்பிக்கும் முன் பழைய அளவுகளை ஒரு தாளில் குறித்து, ராட் எத்தனை சுற்று திருகினீங்க என்பதையும் எழுதிவையுங்க. மரம் ஈரத்துக்கு அசையும். ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை, பங்குனி வெயிலில் ஒரு தடவை மூன்றாம் படியைத் திரும்பப் பாருங்க. அடுத்த தடவை பாடகர் "ஒரு கட்டை இறக்கலாமா?" என்று கேட்டால், "ரெண்டு நாள் முன்னாடி சொல்லுப்பா" என்று தைரியமாகச் சொல்லலாம்.