வாடிக்கையாளர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

பொருளின் சிறப்பம்சங்களை ஒப்புவித்தும் விற்பனையாகாவிட்டால் உடனே விலையைக் குறைத்து நட்டப்படும் வியாபாரிகள் நம்மிடையே பலர். இவர்களுக்கு நான் உதாரணமாகச் சொல்வது யமஹாவின் எஃப்.ஜே.ஆர். 1300 மோட்டார் சைக்கிளை. வேகத்தையும் நெடும்பயணத்தையும் ஒருசேர விரும்புவோருக்காக 2001இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது இது.

1298 சிசி எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக ஓட வேறு வண்டிகளும் உண்டு. பின்சக்கரத்தைப் பாருங்கள். அங்கே செயின் கிடையாது. சுழலும் தண்டு ஒன்றுதான் சக்கரத்தை இயக்குகிறது. இதனால் பாரமும் கூடும், தயாரிப்புச் செலவும் கூடும். ஆனால், நாள் முழுவதும் ஓடிக் களைத்து விடுதிக்கு வந்தவர் செயினுக்கு ஒயில் பூசக் குந்த வேண்டியதில்லை. 25 லீற்றர் பெற்றோல் தாங்கி, பொத்தானை அழுத்தினால் உயரும் காற்றுத்தடுப்பு எல்லாமே இவ்வாறு ஒவ்வொரு தொல்லையை நீக்குபவை. வாங்குபவர் பணம் கொடுப்பது அதற்கே என்பது என் கருத்து. விலையைக் குறைக்குமுன் உங்கள் பொருள் எந்தத் தொல்லையை நீக்குகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

யமஹாவும் ஒன்றில் தாமதித்தது. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலட்டலின்றி ஓட ஆறாவது கியர் வேண்டுமென ஓட்டுபவர்கள் கேட்டு வந்தனர். ஐந்துடனேயே காலம் ஓடியது. ஆறாவது கிடைத்தது 2016ஆம் ஆண்டு மொடலில்தான்.