காரின் கம்ப்யூட்டர் காற்றை எப்படி எடை போடுகிறது?

கம்ப்யூட்டர் வாங்கியதும் நாம் முதலில் கற்றுக் கொள்ளும் பாடம் இன்புட், பிராசஸ், அவுட்புட். கீபோர்டில் தவறாக டைப் செய்தால் பிரிண்டரும் தவறாகத்தான் அச்சடிக்கும். இதே பாடம் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் இருக்கிறது. காரில் உள்ள ஈ.சி.யு. என்னும் சிறிய கம்ப்யூட்டருக்குக் காற்றுதான் இன்புட், பெட்ரோல்தான் அவுட்புட். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

காற்றுக்கும் எடை உண்டு

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கு லிட்டரில் இல்லை, கிராமில் இருக்கிறது. எஞ்சின் காற்றை லிட்டர் கணக்கில் உறிஞ்சுகிறது. ஆனால் ஒரு லிட்டர் காற்றின் எடை இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். வெயில் ஏறினால் காற்று லேசாகும். மலை ஏறினாலும் லேசாகும்.

ஒரு உதாரணம். சோளிங்கரிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி மலைக்குச் செல்கிறீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறீர்கள். கீழே 38 டிகிரி வெயில், மேலே 28 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, கீழே கடல் மட்டத்துக் காற்றழுத்தம், அதாவது 101325 பாஸ்கல் என்றும், மேலே 89900 பாஸ்கல் என்றும் கொள்வோம்.

இப்போது எக்செல் திறந்து நீங்களே கணக்கிடலாம். வெப்பநிலையுடன் 273-ஐக் கூட்டுங்கள். அதை 287-ஆல் பெருக்குங்கள். வரும் விடையால் காற்றழுத்தத்தை வகுங்கள். ஒரு லிட்டர் காற்றின் எடை கிராமில் கிடைக்கும். கீழே 1.135 கிராம். மேலே 1.04 கிராம். அழுத்தம் 11 சதவீதம் குறைந்தது. ஆனால் குளிர்ச்சி அதில் சுமார் 3 சதவீதத்தைத் திருப்பித் தந்தது. மொத்தத்தில் 8 சதவீதம் குறைவு.

ஒரு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, முழுமையாக நிரம்பினால் 1500 லிட்டர் காற்றை உறிஞ்சும். அதற்குக் கீழே சுமார் 116 கிராம் பெட்ரோல் தேவை. மேலே 106 கிராம் போதும். பழைய கார்புரேட்டருக்கு இந்த வித்தியாசத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாது. அதனால்தான் அந்தக் கார்கள் மலையில் கரும்புகை விட்டுத் திணறின.

இரண்டு வழிகள்

ஈ.சி.யு. காற்றின் எடையை அறிய இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில் மேப் சென்சார் காற்று செல்லும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளக்கும். இன்னொரு சென்சார் காற்றின் வெப்பநிலையை அளக்கும். ஈ.சி.யு.வின் மெமரியில் எக்செல் ஷீட் போலவே ஒரு அட்டவணை இருக்கிறது. எஞ்சினின் வேகம் ஒரு பக்கம், அழுத்தம் மறு பக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், எஞ்சின் எவ்வளவு நிரம்பும் என்ற எண் இருக்கும். அதிலிருந்து எடை கணக்கிடப்படுகிறது. நம் நாட்டின் பல சிறிய பெட்ரோல் கார்களில் இந்த முறைதான். பாஷ் நிறுவனம் 1967-ல் அழுத்தத்தை அளக்கும் டி-ஜெட்ரானிக் முறையை ஃபோக்ஸ்வேகன் காரில் கொண்டு வந்தது.

இரண்டாவது வழி மாஃப் சென்சார். இதில் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி அல்லது தகடு காற்றுப் பாதையில் இருக்கும். கடந்து செல்லும் காற்று அதைக் குளிர்விக்கும். பழைய சூட்டிலேயே வைத்திருக்க எவ்வளவு கரண்ட் தேவை என்று பார்த்தால் காற்றின் எடை தெரிந்து விடும். கனமான காற்று அதிகம் குளிர்விக்கும் என்பதால் மலைக்கும் வெயிலுக்கும் தனிக் கணக்கு வேண்டாம்.

எடை தெரிந்ததும், இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்று ஈ.சி.யு. முடிவு செய்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு புதிய பைக், ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் இன்ஜெக்டருக்கு மாறி விட்டன.

இன்புட் தவறினால்

மாஃப் கம்பியில் தூசியும் எண்ணெயும் படிந்தால் காற்றால் அதைச் சரியாகக் குளிர்விக்க முடியாது. 100 கிராம் காற்று சென்றாலும் 90 என்று சொல்லும். பெட்ரோலும் அதற்கேற்பக் குறையும். புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து, பெட்ரோலைக் கூட்டச் சொல்லும். இந்தத் திருத்தத்துக்கு ஃப்யூயல் ட்ரிம் என்று பெயர். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. எல்லை தாண்டினால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். மேலும், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து மலை ஏறும்போது ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைப் பெரும்பாலான ஈ.சி.யு.க்கள் கேட்பதில்லை. பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வேண்டிய அந்த நேரத்தில், சென்சார் சொன்ன தவறான எண்ணே முடிவாகி விடும். வண்டி இழுக்காது.

நீங்களே சோதிக்கலாம்

2013-க்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்றைச் செருகி லேப்டாப் அல்லது மொபைலில் பார்க்கலாம்.

மேப் சென்சார் உள்ள காரில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். அழுத்தம் சமவெளியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், ஏலகிரியில் 90-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். அடுத்து, இரவு முழுதும் நின்ற காரில் காலையில் காற்று வெப்பநிலையைப் பாருங்கள். அது வெளி வெப்பநிலைக்கு நெருங்கி இருக்க வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் அந்தச் சென்சாரின் ஒயர் கழன்றிருக்கலாம்.

பி0171 என்ற கோடு வந்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று பொருள். இன்ஜெக்டரையோ பெட்ரோல் பம்பையோ மாற்றப் பணம் கொடுக்கும் முன், ஏர் ஃபில்டரையும், சென்சாருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். குழாயில் விரிசல் இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகும். மாஃப் கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடாதீர்கள். அதற்கென விற்கும் ஸ்பிரேயை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

கோடை அழித்தால் விளக்கு அணைந்து விடும். ஆனால் பழுது அப்படியே இருக்கும். ஆகவே கோடையும் ஃப்யூயல் ட்ரிம் அளவையும் முதலில் ஒரு பைலில் சேவ் செய்து கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் அதைக் காட்டிப் பேசினால் தேவையில்லாத செலவைத் தவிர்க்கலாம்.