இல்லங்களில் செய்திக் கம்பியமைப்பு: திட்டமிடும் முறை

வீடு கட்டுவோர் விளக்கு எங்கே அமைய வேண்டும், விசிறி எங்கே தொங்க வேண்டும், தண்ணீர்க் குழாய் எவ்வழியே செல்ல வேண்டும் என்பவற்றை வரைபடத்திலேயே தீர்மானித்துவிடுகின்றனர். ஆனால் தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றுக்குரிய கம்பிகளைப் பற்றிய எண்ணம் பெரும்பாலும் குடிபுகுந்த பின்னரே எழுகிறது. அதன் விளைவாக, வெள்ளையடித்த சுவரின்மீது கறுப்பு வடங்கள் ஆணியடித்துப் பொருத்தப்படுகின்றன. சன்னலின் இடுக்கு வழியே வடம் நுழைகிறது. சில வேளைகளில் புதுச் சுவரையே உடைக்க நேர்கிறது. மரச்சட்டங்களின்மீது பலகை பொருத்திக் கட்டப்படும் வீடுகளில் சுவரின் உட்புறம் வெற்றிடமாக இருக்கும். பின்னாளிலும் அதனுள் வடத்தை இறக்கலாம். நம் நாட்டில் பெரும்பாலான புது வீடுகள் செங்கல்லாலும் கான்கிரீட்டாலும் ஆனவை. ஆகவே இவ்வேலைக்கு உரிய காலம் தளம் வார்ப்பதற்கும் சுவர் பூசுவதற்கும் முற்பட்ட காலமேயாகும்.

கம்பியில்லா முறை போதாதா?

வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு என்று கேட்கலாம். வைஃபை அலைகளின் அலைநீளம் 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் 6 சென்டிமீட்டர். இவ்வலைகள், அதிலும் சிறப்பாக அலைநீளம் குறைந்தவை, இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட் தளத்தைக் கடக்கையில் பெரிதும் வலுவிழக்கின்றன. கீழ்த்தளத்துக் கூடத்தில் நன்கு இயங்கும் இணைப்பு மாடியறையில் நலிந்துபோவதற்கு இதுவே காரணம். மாடியில் மற்றொரு வைஃபை நிலையத்தை அமைத்தால் குறை தீரும். ஆனால் அந்நிலையம் நன்கு பணிபுரிய அதற்கும் ஒரு கம்பி வேண்டும். ஆகவே கம்பியமைப்பைக் கம்பியில்லா முறைக்குத் துணையாகவே கொள்ள வேண்டும்.

இருவகை வடங்கள்

இல்லத்தில் பயன்படும் செப்பு வடங்கள் இருவகைப்படும். கோஆக்சியல் கேபிள் எனப்படும் ஓரச்சு வடம் முதல் வகை. இதன் நடுவில் ஒரு செப்புக் கம்பியும், அதைச் சூழ்ந்து மின்கடத்தாப் பொருளும், அதன்மேல் உலோகத் தகடும் வலைப்பின்னலும், எல்லாவற்றுக்கும் வெளியே பிளாஸ்டிக் உறையும் அமைந்திருக்கும். உட்கம்பிக்கும் உலோக உறைக்கும் அச்சு ஒன்றே ஆதலின் இப்பெயர் உண்டாயிற்று. ஆங்கில விஞ்ஞானி ஆலிவர் ஹெவிசைட் 1880-இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். தொலைக்காட்சிக்கு 75 ஓம் மின்மறுப்புடைய ஆர்ஜி-6 வடம் ஏற்றது. 1000 மெகாஹெர்ட்ஸில் இவ்வடத்தின் 100 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 20 டெசிபெல் இழப்பு நேர்கிறது. அதாவது 15 மீட்டர் செல்வதற்குள் குறியலையின் ஆற்றல் பாதியாகிவிடுகிறது. வடத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு பிரிப்பானும் மேலும் ஒரு பாதியை எடுத்துக்கொள்கிறது. இதனால் சுற்றிவளைத்த பாதையும் தேவையற்ற பிரிப்பான்களும் தவிர்க்கத்தக்கவை.

முறுக்கிணை வடம் இரண்டாம் வகை. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற கருத்து இதன் அடிப்படை. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால், வெளியிலிருந்து வரும் மின் இடையூறு இரண்டிலும் ஏறக்குறைய சமமாகப் படிகிறது. ஏற்கும் சாதனம் அவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே கவனிப்பதால் இடையூறு நீங்குகிறது. கணினி வடத்தில் இத்தகைய இணைகள் நான்கு உள்ளன. ஒவ்வோர் இணையின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கம் உடையது. கேட்-5ஈ வகை 100 மீட்டர் தொலைவுக்கு விநாடிக்கு 1 கிகாபிட் செய்தியை அனுப்ப வல்லது. கேட்-6 அதே தொலைவுக்கு அவ்வேகத்தையும், சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட் வேகத்தையும் தரும். இல்லத்துக்குக் கேட்-6 போதுமானது.

மையமும் கிளைகளும்

ஈதர்நெட் முறை 1970-களில் தோன்றியபோது ஓரச்சு வடம் ஒன்றையே எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொண்டன. அவ்வடம் ஓரிடத்தில் அறுந்தாலோ இணைப்பு தளர்ந்தாலோ அத்தொடர் முழுவதும் செயலிழக்கும். குறை எங்கே என்று கண்டுபிடிப்பதும் கடினம். 1990-இல் வகுக்கப்பட்ட முறுக்கிணை ஈதர்நெட் தரம் இக்குறையைப் போக்கியது. அதன்படி ஒவ்வொரு கணினியும் தனி வடத்தால் ஒரு மையத்தோடு இணைகிறது. ஒரு கிளை பழுதுற்றால் மற்றவை பாதிக்கப்படுவதில்லை.

இல்லத்திலும் இவ்விதியையே பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் மையத்திலிருந்து தனி வடம் செல்ல வேண்டும். ஓர் அறையின் முனையிலிருந்து அடுத்த அறைக்குத் தொடர்தல் கூடாது. மையம் படிக்கட்டின் அருகிலோ நடைக்கூடத்திலோ அமைவது நன்று. குளியலறையையும் அடுப்பங்கரையையும் ஒட்டிய ஈரமான, வெப்பமான இடங்கள் ஆகா. மையப்பெட்டிக்குக் காற்றோட்டமும், மின்தடையின்போதும் இயங்கும்படி இன்வெர்ட்டரோடு இணைந்த மின்முனையும் வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் வைஃபை நிலையத்தை வைத்தால் அலைகள் தடைப்படும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மாடியிலுள்ள கிண்ண ஆண்டெனாவுக்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. செட்-டாப் பெட்டி 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தத்தை வடத்தின் வழியே மேலே அனுப்பி, தனக்கு வேண்டிய அலைத்தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறது. இரு பெட்டிகள் ஒரே வேளையில் வெவ்வேறு தொகுதிகளைக் கேட்கக்கூடும். ஆதலின் சாதாரணப் பிரிப்பான் இங்குப் பயன்படாது. இரு தொலைக்காட்சிகள் வேண்டுமாயின் மாடியிலிருந்து மையத்துக்கு இரு வடங்கள் வர வேண்டும்.

கணக்கிடும் முறை

இரண்டு தளங்களும் மூன்று படுக்கையறைகளும் உடைய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் 3 கணினி முனைகள்; படுக்கையறை ஒவ்வொன்றிலும் 2 வீதம் 6; படிப்பறையில் 2; வைஃபை நிலையங்களுக்காகத் தளத்துக்கு ஒன்றாகக் கூரையில் 2; வாயிற் கேமராவுக்கு 1; ஆக 14. ஒவ்வொன்றுக்கும் சராசரி 15 மீட்டர் எனில் 210 மீட்டர். வளைவுகளுக்கும் முனைகளுக்கும் நூற்றுக்கு 15 பங்கு கூட்டினால் சுமார் 242 மீட்டர். கணினி வடம் வழக்கமாக 305 மீட்டர் கொண்ட பெட்டியாக விற்கப்படுகிறது. ஒரு பெட்டி போதும். கூடத்துக்கு ஒன்று, ஒரு படுக்கையறைக்கு ஒன்று, மாடிக்கு இரண்டு என ஓரச்சு வடம் நான்கு. அதே முறைப்படி சுமார் 70 மீட்டர்.

அடுத்தது குழாயின் அளவு. குழாயின் உட்பரப்பில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் வடங்கள் அடைத்துக்கொள்ளலாகாது. மிஞ்சினால் இழுக்கும்போது வடம் சேதமடையும். கேட்-6 வடத்தின் விட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். குறுக்குப் பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். 21 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் பரப்பு 346; அதில் 40 பங்கு 138. எனவே அக்குழாயில் 4 வடங்களே செல்லலாம். மேல்தளத்துக்கு 7 வடங்கள் செல்ல வேண்டுமாயின் உள்விட்டம் குறைந்தது 25 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவரின் ஆயுள் பல பத்தாண்டுகள். வடத்தின் வகையோ விரைவில் மாறக்கூடியது. ஒரு காலத்தில் ஈதர்நெட் ஓரச்சு வடத்தில் ஓடியது. பின்னர் முறுக்கிணைக்கு மாறியது. இன்று வீட்டு வாயில்வரை கண்ணாடி இழை வந்துவிட்டது. வடத்தை நேரே சுவருக்குள் புதைத்தவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுவரை உடைக்க வேண்டும். குழாயைப் புதைத்தவர் பழைய வடத்தை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக்கொள்கிறார். ஆதலின் வாயிலிலிருந்து மையத்துக்கும், மையத்திலிருந்து மேல்தளத்துக்கும் ஒவ்வொரு வெற்றுக் குழாயை இழுகயிற்றுடன் விட்டுவைத்தல் வேண்டும். குழாயின் திருப்பங்கள் கூரிய மூலைகளாக இராமல் அகன்ற வளைவுகளாக இருக்கட்டும்.

பாதுகாப்பு

230 வோல்ட் மின்கம்பிகளும் செய்தி வடங்களும் ஒரே குழாயிலோ ஒரே முனைப்பெட்டியிலோ ஒருபோதும் இருத்தலாகாது. மின்கம்பியின் உறை தேய்ந்து செய்தி வடத்தைத் தொட்டால், கணினி முனையைத் தொடுபவர் உயிரிழக்கவும் கூடும். இரண்டும் இணையாகச் செல்லுமிடத்தில் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது நல்ல வழக்கம். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க வேண்டும். ஆண்டெனாவின் உலோகத் தண்டையும், ஓரச்சு வடத்தின் உலோக உறையையும், வடம் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே வீட்டின் நிலத்தொடர்போடு இணைக்க வேண்டும். நேரடியாக விழும் இடியை இது தடுத்துவிடாது. எனினும் அருகில் விழும் இடியால் தூண்டப்படும் மின்னழுத்தத்தைப் பெருமளவு தணிக்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாதாகையால் அதற்கு இவ்வச்சமில்லை.

சரிபார்த்தல்

விலை மலிவுக்காகச் செம்பு பூசிய அலுமினியக் கம்பியை வாங்குதல் கூடாது. அதன் மின்தடை மிகுதி. வடத்தின் வழியே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும்போது அது சூடேறும். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரிவது அதன் அடையாளம். முனைகளைப் பொருத்துகையில் இணைகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்தலாகாது. இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி, ஒவ்வொரு வடத்தையும் சோதனைக் கருவியால் ஆராய வேண்டும். பூச்சுக்கு முன் சுவர்களைப் படமெடுத்து, குழாய்கள் செல்லும் வழியை வரைபடத்தில் குறித்து வைத்தல் மிகவும் பயன்தரும். பின்னொரு நாள் சுவரில் ஆணியடிப்பவருக்கும், பல ஆண்டுகளுக்குப் பின் பழுது பார்க்க வருபவருக்கும் அவ்வரைபடமே வழிகாட்டியாகும். இத்தனைக்கும் வேண்டியது கொத்தனாரும் மின்பணியாளரும் வீட்டுக்காரரும் ஒருங்கே அமர்ந்து திட்டமிடும் ஒரு மாலைப்பொழுதே; அது பூச்சுக்கு முந்திய மாலையாக இருத்தல் வேண்டும்.