தசையை வளர்க்கும் ஊசி மூளையைக் காக்குமா?

ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு வீரர்கள் திடீரென்று மட்டையைக் கீழே போட்டு, கையுறைகளையும் கழற்றி எறிகிறார்கள். அடுத்த நொடி ஒருவரையொருவர் முகத்தில் குத்தத் தொடங்குகிறார்கள். நடுவர்கள் உடனே பாய்ந்து விலக்கிவிடுவதில்லை. பெரும்பாலும் யாராவது ஒருவர் விழும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு இருவரும் தண்டனைப் பெட்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மீண்டும் ஆட வந்துவிடுகிறார்கள்.

காற்பந்தில் இப்படி நடந்தால் சிவப்பு அட்டைதான். ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியிலும் சண்டை போட்டவர் வெளியேற்றப்படுவார். ஆனால் கனடா, அமெரிக்கக் குழுக்கள் மோதும் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.எச்.எல்., சண்டைக்கு ஐந்து நிமிடத் தண்டனை போதும் என்று 1922ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டது. அந்த விதியின் நிழலில் ஒரு தனித் தொழிலே வளர்ந்தது.

சண்டையே வேலை

கோல் அடிக்கும் திறமைசாலிகளை எதிரணி முரட்டுத்தனமாகத் தாக்காமல் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு குழுவும் ஒரு சண்டை வீரரை வைத்திருந்தது. அவரை 'என்ஃபோர்சர்' என்பார்கள். மினசோட்டா, நியூயார்க் குழுக்களுக்கு ஆடிய டெரெக் பூகார்ட் அவர்களில் ஒருவர். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம் கொண்ட அவர் 277 ஆட்டங்களில் அடித்த கோல்கள் மூன்றே மூன்று. அவருக்குச் சம்பளம் கொடுத்தது கோலுக்காக அன்று, கைமுட்டிக்காக.

இந்தத் தொழிலில் தோற்கத் தொடங்கினால் அந்த இடத்தைப் பிடிக்க இன்னும் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வெளியே காத்திருப்பார். இந்த நெருக்கடியில்தான் சிலர் ஸ்டீராய்டை நாடினார்கள். மொன்றியல் குழுவுக்கு ஆடிய டேவ் மோரிசெட், தாம் அதைப் பயன்படுத்தியதை 2005இல் வெளிவந்த தமது நூலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஊசி என்ன செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு. அது வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. நாம் பேசுவது 'அனபாலிக்' ஸ்டீராய்டு. இது டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைப் போன்று செயற்கையாகச் செய்யப்பட்டது.

இது இரத்தத்தின் வழியே தசை உயிரணுவுக்குள் நுழைந்து, அங்குள்ள ஏற்பியுடன் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிறது. இரண்டும் உட்கருவுக்குள் சென்று, புரதம் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. உடற்பயிற்சியும் சேரும்போது தசையிழைகள் தடிக்கின்றன. கையின் நிறை கூடுகிறது. குத்தின் உந்தமும் கூடுகிறது.

ஆனால் உடல் இதற்கு விலை கேட்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், 'போதும்' என்று மூளை உணர்ந்து, உடலின் சொந்த உற்பத்தியை நிறுத்தச் சொல்கிறது. விரைகள் சுருங்குகின்றன. நல்ல கொலஸ்ட்ரால் குறைந்து கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது. இதயமும் ஒரு தசைதான். அதன் சுவர் தடித்துப்போனால் இரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாது. மிகுந்த அளவில் எடுத்துக்கொள்ளும் சிலருக்கு எரிச்சலும் ஆத்திரமும் கூடும். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை.

குத்து விழும்போது

இப்போது குத்து வாங்குபவரின் பக்கம் வருவோம். மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ளது. கெட்டித் தயிரைப் போல மென்மையானது. மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் அது மிதக்கிறது. தாடையில் குத்து விழும்போது மண்டையோடு சட்டென்று திரும்புகிறது. மூளையோ நிலைமத்தின் காரணமாகச் சற்றுப் பிந்துகிறது. பேருந்து திடீரென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வதும் இதே விதியால்தான். அந்தக் கணத்தில் நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபட்டு முறுகுகின்றன.

ஒவ்வோர் இழைக்குள்ளும் நுண்குழாய்கள் உள்ளன. தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் குறுக்குக் கட்டைகளைப் போல 'டாவ்' என்னும் புரதம் அவற்றைத் தாங்கி நிற்கிறது. அடி மேல் அடி விழ, டாவ் கழன்று, உருமாறி, கட்டியாகத் திரள்கிறது. பல ஆண்டுகளில் இது நினைவாற்றலையும் மனநிலையையும் சிதைக்கும் சி.டி.இ. என்னும் மூளை நோயாக முற்றுகிறது. இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தால்தான் இந்த நோயை உறுதிப்படுத்த முடியும்.

கழுத்துத் தசை வலுவாக இருந்தால் தலையின் அசைவு ஓரளவு குறையலாம். ஆனால் மண்டையோட்டுக்குள் மிதக்கும் மூளையைப் பிடித்து நிறுத்த எந்தத் தசையும் இல்லை. ஸ்டீராய்டு குத்துகிற கையைப் பெரிதாக்கும். குத்து வாங்குகிற மூளையைக் கெட்டிப்படுத்தாது. இரு தரப்பும் உடலை வளர்த்துக்கொண்டே போனால் இருவருக்கும் ஆபத்துதான் கூடுகிறது.

28 வயதில் முடிந்த வாழ்க்கை

2010 டிசம்பரில் ஒரு சண்டையில் பூகார்டுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. 2011 மே மாதம், வலிநிவாரணி மாத்திரையும் மதுவும் உடலில் கலந்ததால் 28 வயதில் உயிரிழந்தார். போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரது மூளையில் சி.டி.இ. இருப்பதைக் கண்டார்கள். அந்த வயதுக்கு அது மிகவும் முற்றியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 45 வயதில் இறந்த புகழ்பெற்ற சண்டை வீரர் பாப் ப்ரோபர்ட்டின் மூளையிலும் அதே நோய் இருந்தது.

என்.எச்.எல். 2005-06 பருவத்தில்தான் ஊக்கமருந்துப் பரிசோதனையைத் தொடங்கியது. 2007இல் ஷான் ஹில் என்ற வீரர் 20 ஆட்டங்களுக்குத் தடை பெற்றார். அந்த விதியின்கீழ் தண்டிக்கப்பட்ட முதல் வீரர் அவரே. சண்டைகளும் முன்பைவிட வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் ஐந்து நிமிட விதி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு ஏன் இது முக்கியம்?

வளரும் வயதில் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கும். உயரம் கூடுவது அவற்றால்தான். ஸ்டீராய்டு அவற்றை முன்கூட்டியே மூடிவிடும். மூடியபின் மீண்டும் திறக்காது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது 'சீக்கிரம் உடம்பு ஏறும்' என்று ஊசியோ மாத்திரையோ நீட்டினால், அது உயரத்தைத் திருடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். விளையாட்டில் தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்தால், வெட்கப்படாமல் பயிற்றுநரிடம் சொல்லி உடனே வெளியேறுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை திரும்ப ஆடாதீர்கள்.

சிந்திக்க:
1. பனித்தரையில் உராய்வு மிகக் குறைவு. சண்டையிடும் வீரர்கள் ஒரு கையால் எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொள்வது ஏன்? நியூட்டனின் மூன்றாம் விதியைக் கொண்டு விளக்குங்கள்.
2. தலைக்கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்கிறது. அது மூளை அதிர்ச்சியை முழுமையாகத் தடுக்காதது ஏன்?
3. ஐந்து நிமிடத் தண்டனைக்குப் பதிலாக, சண்டை போட்டவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றினால் சண்டை வீரர்களின் வேலை என்னவாகும்? வகுப்பில் விவாதியுங்கள்.