ரோப் கார் ஓடாத நாள்

காரோடு, பாறசாலைப் பக்கத்திலிருந்து பலர் பழனிக்குப் போவார்கள். பழனி மலையில் 693 படிகள் உள்ளன. எல்லா முதியவர்களாலும் படி ஏற முடியாது. அவர்களுக்காக 1966-ல் இழுவை ரயில் வந்தது. அதை 'விஞ்ச்' என்பார்கள். 2004-ல் ரோப் கார் வந்தது. கம்பியில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்தால் போதும். சில நிமிடங்களில் மலை உச்சிக்குப் போய்விடலாம்.

ஆனால் மாதத்தில் ஒரு நாள் ரோப் கார் ஓடாது. ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாதத்துக்கும் மேலாக நிறுத்திவிடுவார்கள். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். "நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறார்கள்?" என்று சிலர் கோபப்படுவார்கள்.

கம்பிக்கும் வயதாகும்

கிணற்றுக் கயிற்றைப் பாருங்கள். அது கப்பியில் வளைந்து வளைந்து தேய்கிறது. முதலில் ஒரு புரி அறும். பிறகு இன்னொரு புரி அறும். ஒரு நாள் குடம் கிணற்றுக்குள் விழும்.

ரோப் காரின் கம்பி வடமும் அப்படித்தான். பல மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கி அதைச் செய்கிறார்கள். சக்கரத்தில் வளையும்போது அது தேய்கிறது. மழையில் துருப்பிடிக்கிறது. சில சமயம் உள்ளே இருக்கும் கம்பிகள் முதலில் அறும். வெளியே பார்த்தால் தெரியாது.

கிணற்றில் விழுவது குடம். இங்கே தொங்குவது மனித உயிர்.

கண்ணால் பார்த்தால் போதுமா?

போர்ச்சுகல் நாட்டின் தலைநகர் லிஸ்பன். அங்கே சரிவான ஒரு தெருவில் கம்பி வடம் இழுக்கும் வண்டி ஓடியது. 1885-ல் தொடங்கிய வண்டி அது. 2025 செப்டம்பர் 3 அன்று காலை ஊழியர்கள் அதைப் பார்வையிட்டார்கள். குறை எதுவும் தெரியவில்லை. அன்று மாலை வடம் பிய்ந்தது. வண்டி சரிவில் பாய்ந்து கவிழ்ந்தது. 16 பேர் இறந்தார்கள். வடம் வண்டியோடு சேரும் இடத்தில்தான் பிய்ந்தது. வண்டியைப் பிரிக்காமல் அந்த இடத்தைப் பார்க்க முடியாது.

அதனால்தான் வண்டியை நிறுத்த வேண்டும். பழனியில் ஆண்டுப் பராமரிப்பின்போது பாகங்களைக் கழற்றிப் பார்க்கிறார்கள். தேய்ந்தவற்றை மாற்றுகிறார்கள். பிறகு பெட்டிகளில் எடை ஏற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். அதன் பிறகே மக்களை ஏற்றுகிறார்கள்.

பழையதை மாற்றிய ஊர்

ஜார்ஜியா நாட்டில் சியாத்துரா என்ற சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே மலைக்கும் பள்ளத்துக்கும் இடையே பஸ்ஸைப் போலத் தொங்கு பெட்டிகள் ஓடின. தொழிலாளர்கள் அவற்றில்தான் வேலைக்குப் போனார்கள். 1954 முதல் பல ஆண்டுகள் அவை ஓடின. பெட்டிகள் துருப்பிடித்தன. கடைசியில் பழைய பெட்டிகளை நிறுத்தினார்கள். 2021-ல் புதிய பாதைகள் திறக்கப்பட்டன.

ஒரு நாள் காத்திருப்பது நஷ்டம் அல்ல. 'இன்று ஓடாது' என்ற பலகை உயிரைக் காக்கும் பலகை. பராமரிப்பு நடக்கிறதா என்று கேட்பது பயணிகளின் உரிமை.

பதில் சொல்லுங்கள்

1. கம்பி வடம் ஏன் தேய்கிறது?
2. லிஸ்பனில் காலையில் பார்த்தபோது குறை ஏன் தெரியவில்லை?
3. உங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிற்றை எப்போது மாற்றினீர்கள்?