உயர்ந்த சாய்மானம் யாருக்கு?

(மனையியல் பகுதி)

முக்காலியிலும் விசிப்பலகையிலும் நாம் நெடுநேரம் அமர்வதில்லை. சிறிது நேரத்தில் சுவரைத் தேடுகிறோம். அல்லது முழங்கையைத் தொடையில் ஊன்றிக் கூனிக்கொள்கிறோம். காரணம் எளியது. அவற்றுக்கு முதுகு இல்லை. ஓர் இருக்கை நமக்கு ஓய்வு தருமா, தராதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் சாய்மானமே.

பண்டை நாளில் உயர்ந்த சாய்மானம் பதவியின் அடையாளமாக விளங்கிற்று. மன்னருக்கு அரியணை, நீதிபதிக்கு நெடிய நாற்காலி, ஆயருக்குப் பேராலயத்தில் தனி இருக்கை. ஆயரின் அவ்விருக்கையை இலத்தீனில் ‘கதீட்ரா’ என்பர். அது அமைந்த ஆலயமே ‘கதீட்ரல்’ எனப் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் பிப்ரவரி 22-ஆம் நாள் புனித பேதுருவின் தலைமைப் பீடத்தைத் திருச்சபை விழாவாகக் கொண்டாடுவதை நாம் அறிவோம்.

இவ்வழக்கத்தின் சாயல் நம் இல்லங்களிலும் உண்டு. முற்றத்துச் சாய்வு நாற்காலி வீட்டுப் பெரியவருக்கு. பெண்களுக்கு அடுப்படி மணையும் நிலைப்படியும். தோப்பில் முகமது மீரான் எழுதி 1997-ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற புதினத்தின் பெயரே ‘சாய்வு நாற்காலி’. பழம்பெருமையில் சாய்ந்திருக்கும் ஒருவரின் குடும்பம் தேய்ந்து போவதை அது சித்திரிக்கிறது. நம் வட்டாரத்திலோ இன்று சோபாவும் வந்துவிட்டது. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பலர் வாங்க எண்ணும் பொருள்களுள் அதுவும் ஒன்று. வாங்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எத்தகைய இருக்கை முதுகைத் தாங்கும்? அதில் முதலில் அமர வேண்டியவர் யார்?

முதுகெலும்பு கற்பிக்கும் பாடம்

நம் முதுகெலும்பு நேரான கம்பு போன்றது அன்று. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தில் உட்குழிவு, மார்புப் பகுதியில் வெளிவளைவு, இடுப்பில் மீண்டும் உட்குழிவு என அலைபோல் காணப்படும். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள் அசையக்கூடியவை. எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டத் தட்டுகள் உள்ளன. வளர்ந்த மனிதரின் தட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. அவை அழுந்தியும் தளர்ந்தும் சுற்றிலுமிருந்து ஊட்டத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆதலால் நெடுநேரம் ஒரே நிலையில் அழுந்திக் கிடப்பது அவற்றுக்கு ஆகாது.

நாம் அமரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல்கிறது; இடுப்பின் உட்குழிவு மறைகிறது. முன்னால் குனிந்தால் அது வெளிவளைவாகவே மாறிவிடும். சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் நாக்கம்சன் 1960-களில் இத்தட்டுகளினுள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால், சாய்மானமின்றி நிமிர்ந்து அமரும்போது ஏறத்தாழ 140, முன்குனிந்து அமரும்போது 185, மல்லாந்து படுக்கும்போது 25 என்று அவர் கண்டார்.

1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் உடலில் மீண்டும் அளந்தனர். நின்றபோது 0.5 மெகாபாஸ்கல், முதுகை நன்கு வளைத்து முன்குனிந்து அமர்ந்தபோது 0.83, நாற்காலியில் பின்னால் சரிந்து சாய்ந்தபோது 0.27 என்று வந்தது. நிமிர்ந்து அமர்வது பற்றி இரு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. ஆயினும் இரண்டு செய்திகளில் ஐயமில்லை: முன்குனிந்து அமர்ந்தால் சுமை ஏறுகிறது; பின்னால் சாய்ந்தால் சுமை இறங்குகிறது.

நம் வட்டாரத்து முதுகுகள்

அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923-இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இன்று இயந்திரங்கள் பெருகியுள்ளன. எனினும் கைவேலை இன்னும் மறையவில்லை. சட்டங்களில் குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், வெடிக்குத் திரி வைத்தல், சரம் பின்னுதல், அச்சகங்களில் தாள் மடித்தல் ஆகிய யாவும் தரையில் அமர்ந்து, தலை கவிழ்ந்து, முன்குனிந்து செய்யப்படும் வேலைகள். சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கத்து ஊர்களிலிருந்து காலையில் புறப்படும் பெண்கள் பகலெல்லாம் இந்நிலையில் இருக்கின்றனர். மேற்சொன்ன கணக்கில் இதுவே மிகுந்த சுமையுள்ள நிலை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயது நிரம்பாதவர்களை ஈடுபடுத்தலாகாது என 1986-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் கடுமையான கட்டளைகளைப் பிறப்பித்தது. அதற்கு முன் வளர்ந்த பெண்களுள் பலர், எலும்பு முற்றாத பருவத்திலேயே குனியத் தொடங்கியவர்கள். அவர்களே இன்று பலருக்கு அன்னையராகவும் பாட்டியராகவும் இருக்கின்றனர். மாலையில் வீடு திரும்பிய பின்னரும் அவர்கள் அமர்வது பெரும்பாலும் அரிவாள்மனைக்கு முன்னால்தான். அங்கும் குனிவு தொடர்கிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

இருக்கை வாங்கக் கடைக்குச் செல்லும்போது அளவு நாடாவையும், அதில் அமரப்போகிறவரையும் உடன் அழைத்துச் செல்க. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. கடைச் சோபாக்கள் பல, அதனினும் உயரமானவர்களுக்கு ஏற்ற அளவில் செய்யப்படுகின்றன. பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

1. இருக்கையின் உயரம்: அமர்ந்தவரின் பாதம் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்தால் எத்தனை அங்குலமோ, அதுவே உரிய உயரம். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும்.

2. இருக்கையின் ஆழம்: முதுகு சாய்மானத்தில் நன்கு படும்படி அமர்ந்த பின்னும், முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஆழம் மிகுந்தால் குள்ளமானவர் முன்னால் நகர்ந்து அமர்வார். சாய்மானம் இருந்தும் பயன்படாது. விலை கூடிய சோபாவிலும் இக்குறை உண்டு.

3. இடுப்புத் தாங்கல்: சாய்மானத்தின் கீழ்ப்பகுதி இடுப்பின் உட்குழிவில் மெல்லப் பொருந்த வேண்டும். உள்ளங்கை தாராளமாக நுழையும் அளவு வெற்றிடம் இருந்தால் அங்கே ஒரு சிறு திண்டு தேவை.

4. சாய்மானத்தின் உயரம்: நிமிர்ந்து அமர்ந்து எழுதவும் உண்ணவும் தோள்பட்டை எலும்பு வரை இருந்தால் போதும். பின்னால் சாய்ந்து இளைப்பாறுவதாயின் தலையும் தாங்கப்பட வேண்டும். மனிதத் தலையின் எடை 4 முதல் 5 கிலோ. சாய்மானம் கழுத்தோடு நின்றுவிட்டால், அவ்வளவையும் கழுத்துத் தசைகளே சுமக்க நேரிடும். மாலை முழுதும் சாய்ந்திருக்க விரும்புவோருக்கு உயர்ந்த முதுகு தேவையாவது இதனால்தான். அமர்ந்த நிலையில், இருக்கையிலிருந்து பின்தலையின் நடுப்பகுதி வரை அளந்து பார்க்க.

5. சாய்வு: இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையே 90 பாகை இருந்தால் நீண்ட ஓய்வுக்கு உதவாது. 110 முதல் 120 பாகை வரை நல்லது.

6. மெத்தையின் உறுதி: அமர்ந்ததும் அமிழ்ந்துபோகும் மெத்தை கடையில் இன்பமாக இருக்கும், ஓராண்டில் குழியாகிவிடும். நுரைமெத்தையின் அடர்த்தியைக் கேட்டறிக. ஒரு கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாதது இருக்கைக்கு ஏற்றது. இலவம் பஞ்சு தலையணைக்கு நன்று; இருக்கையில் விரைவில் அமுங்கிவிடும்.

7. கைப்பிடி: முழங்கை இயல்பாகத் தங்கும் உயரத்தில், ஊன்றி எழும் அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டும். முதியோருக்கு இது மிக இன்றியமையாதது. எழும்போது பாதத்தைப் பின்னிழுக்க இருக்கையின் கீழே இடம் இருக்கிறதா என்றும் பார்க்க.

8. உறை: நம் ஊர் வெயிலில் ரெக்ஸின் வியர்வையில் ஒட்டும், நாளடைவில் உரியும். கழற்றித் துவைக்கத்தக்க பருத்தி உறையே சிறந்தது. பிரம்பு இருக்கை காற்றோட்டம் தரும். ஆனால் மூட்டைப்பூச்சி அண்டாதபடி அடிக்கடி வெயிலில் காயவைக்க வேண்டும்.

இவ்வளவுகளை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் உள்ளூர்த் தச்சரே நல்ல மரத்தில் செய்து தருவார்.

பழைய துணிச் சாய்வு நாற்காலியையும் இவ்வளவுகோலால் எடைபோடலாம். தலையைத் தாங்கும், நன்கு சாயும், காற்றோட்டமும் உண்டு. ஆனால் துணி தொய்வதால் இடுப்புக் குழிவுக்குத் தாங்கல் இல்லை, எழுவதும் கடினம். ஒரு சிறு திண்டு முதற்குறையைத் தீர்த்துவிடும்.

நெருப்பை மறவாதீர்

பட்டாசு ஊரில் வாழும் நாம் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலியூரித்தேன் நுரைமெத்தை மிக விரைவாக எரியும். அதன் புகை நச்சுடையது. 1979 மே 8-ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஓர் அங்காடியில் இத்தகைய இருக்கைகள் தீப்பற்றியதில் பத்துப் பேர் மாண்டனர். அந்நாட்டில் 1988-இல் அறைகலன்களுக்கெனத் தீப்பாதுகாப்பு விதிகள் இயற்றப்பட்டன. எனவே தீபாவளியன்று வெடிப்பொட்டலங்களைச் சோபாவின் மேலோ கீழோ வைக்கலாகாது. வாசலுக்கு நேராகவும் சோபாவைப் போடலாகாது. ஆலையிலிருந்து வருவோர் ஆடை மாற்றிக் குளித்த பின்னரே அதில் அமர்வது நலம். ஆடையில் படிந்த அலுமினியத் தூளும் பிற மருந்தும் உறையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதில் படுத்துறங்கும் குழந்தையின் மேலும் படியும்.

சோபா இல்லாத வீட்டில்

சோபா வாங்க வசதியில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. பழைய வீட்டுத் திண்ணைகள் சிலவற்றில் சுவரோரம் சரிவாகக் கட்டிய சாய்மானம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள்; நம் கொத்தனார்கள் பணச்செலவின்றிக் கண்ட வழி அது. சாதாரண நாற்காலியிலேயே ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக் குழிவில் வைக்கலாம். கால் எட்டாவிட்டால் ஒரு பலகையைப் பாதத்தின் கீழே இடலாம். மிகவும் களைத்தவர் பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை ஒரு முக்காலியின் மேல் கால்மணி நேரம் வைத்திருப்பது நல்ல ஓய்வு.

எவ்வளவு நல்ல இருக்கையாயினும் அதிலேயே கிடத்தல் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கடி நடக்க வேண்டும். இலண்டன் பேருந்துகளில் அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களுக்கு, ஏறி இறங்கி நடமாடிய நடத்துநர்களைவிட மாரடைப்பு மிகுதி என 1953-இலேயே மருத்துவர் மோரிஸ் வெளியிட்டார். மேலும், முதுகுவலியுடன் காலில் மரப்போ வலுக்குறைவோ, காய்ச்சலோ, சிறுநீர் கழிப்பதில் தொல்லையோ தோன்றினால் திண்டும் மெத்தையும் மருந்தாகா. உடனே மருத்துவரை நாட வேண்டும்.

முடிவாக

மாணவியரே! உழைப்பை இறைவன் உயர்த்தினார் என்பதற்குத் தச்சரான புனித சூசையப்பரே சான்று. 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளை உழைப்பாளரான சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். உழைப்புக்கு மதிப்பளித்த அதே மறை, ஏழாம் நாளை ஓய்வுக்கென ஒதுக்கவும் சொல்கிறது. ஓய்வு உழைத்தவரின் உரிமை.

எனவே உங்கள் வீட்டில் சாய்மானமுள்ள இருக்கை ஒன்றே ஒன்று இருப்பின், அதில் மாலையில் அமர்வது யார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பகலெல்லாம் குனிந்தவர் இன்னும் குனிந்துகொண்டும், நிமிர்ந்திருந்தவர் சாய்ந்துகொண்டும் இருந்தால், காய் நறுக்கும் வேலையை நீங்களும் உங்கள் தம்பி தமையன்மாரும் அரைமணி நேரம் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்னையை அந்த இருக்கைக்கு அழைத்து, இடுப்பில் ஒரு திண்டு வையுங்கள். “எனக்கென்ன, நான் தரையிலேயே இருந்துக்கிறேன்” என்று மறுப்பார்கள், விடாதீர்கள். சோபாவின் விலை எதுவாயினும், அது நல்ல இருக்கை என்று பெயர் பெறுவது அன்றைக்குத்தான்.