முதலில் கப்பலேறி வந்தவர் யார்?

அமெரிக்கக் குடும்பமொன்றின் காலனி கால மூதாதையரைத் தேடுகிறீர்களா?

1. இன்று இருப்பவரிடம் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். இடையில் தாவினால், அதே பெயருள்ள வேறொருவரின் வம்சத்தில் போய் நிற்பீர்கள்.

2. உயில்களையும் நிலப் பத்திரங்களையும் புரட்டுங்கள். 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும்.

3. கப்பல் பயணிகள் பட்டியலையே நம்பியிராதீர்கள். மத்திய அரசு அவற்றை முறையாகச் சேகரித்தது 1820 முதல்தான்.

4. ஜெர்மானிய வம்சமா? 1727இல் தொடங்கும் பிலடெல்பியா உறுதிமொழிப் பட்டியல்களைப் பாருங்கள். வந்திறங்கிய ஆண்களின் கையெழுத்து அவற்றில் உண்டு.

5. பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள். ‘முல்லர்’ பலர் ‘மில்லர்’ ஆனார்கள்.

6. 1752க்கு முந்தைய ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளில் ஆண்டைச் சரிபாருங்கள். ஆங்கிலேயக் காலனிகளில் அதுவரை மார்ச் 25தான் ஆண்டுப் பிறப்பு.